கட்டுச்சோற்றுப் பெட்டியில் செக்கப் நோட்டு இருக்கிறதா? கர்ப்பகாலச் சர்க்கரை, பிரஷர்: தலைச்சன் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கொங்குப் பக்கம் தலைச்சன் பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு விருந்து வைத்து, புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக் கொண்டுவந்து, வளையல் போட்டு, பெண்ணைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் திருப்பூரிலிருந்து கோபிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா ஊருக்குப் போனேன். பெட்டியில் பத்துப் புடவை இருந்தது. செக்கப் நோட்டு மட்டும் திருப்பூர் பீரோவிலேயே தங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்த்தார்கள். 148/94. "இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுங்க?" என்று செவிலியர் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பீரோவைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாக வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொன்னோம். மூன்றாம் மாதத்தில் 104/66, ஆறாம் மாதத்தில் 118/76 என்று இருந்தது. படிப்படியாக ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. 25-வது வாரத்திலேயே சர்க்கரையும் வந்திருந்ததால் டாக்டர் அன்றைக்கே அட்மிஷன் போட்டார்.

கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரஷரும் ஆரம்பத்தில் வலிக்காது. உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால் அது சொல்லும்போது நேரம் கடந்திருக்கும். எண்கள்தான் முன்கூட்டிச் சொல்லும். அதனால் எந்த மாதம் எந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

முதல் வேலை: நாள் தள்ளிப்போனதும் பதிவு

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது நம் வீடுகளின் வழக்கம். சொந்தபந்தத்துக்கு அப்படிச் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் உடனே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்ததும் தரும் பிக்மி எண் இல்லாமல் பின்னால் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் அலைய வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும்.

முதல் செக்கப்பில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை உண்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருக்கிறதா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ கர்ப்பத்தில் பிரஷர் வந்ததா, இது தலைச்சன் இல்லையென்றால் முந்தைய குழந்தை அதிக எடையில் பிறந்ததா, முந்தைய கர்ப்பத்தில் வலிப்பு வந்ததா, உங்களுக்கு ஏற்கெனவே பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உண்டா, வயிற்றில் இருப்பது இரட்டைக் குழந்தையா. இதையெல்லாம் ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்றால், பிரஷர் கோளாறு கண்ணில் படுவது 20-வது வாரத்துக்குப் பிறகு என்றாலும் அதற்கான விதை முதல் மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி கருப்பையில் ஊன்றும்போது ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமல் போவதில்தான் அது தொடங்குகிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 12-வது வாரத்திலிருந்து கொடுப்பார்கள். 16-வது வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதற்கு முழுப் பலன். ஏழாம் மாதம் போய்க் கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும். இதயத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே என்று மருந்துக்கடைக்காரர் திகைத்தால் நீங்கள் திகைக்க வேண்டாம். அதே சமயம் யாருக்கோ கொடுத்தார்கள் என்று நீங்களாக வாங்கியும் போடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாள் தள்ளிப்போன வாரமே டாக்டரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகை மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது. லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றிக் கொடுப்பார்கள். பழையதை நீங்களே நிறுத்திவிட்டு உட்காருவதும் ஆபத்துதான்.

நாலாம் மாதத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து மாத்திரை தருவார்கள். பல்லுக்கும் எலும்புக்கும்தானே என்று நிறையப் பேர் அலமாரியில் சேர்த்துவைக்கிறோம். உணவில் கால்சியம் குறைவாக இருக்கும் பெண்களுக்கு அது பிரஷர் கோளாறையும் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2007 முதலே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த டெஸ்ட் உண்டு. சென்னை டாக்டர் வி. சேஷையா இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள்.

முறை சுலபம். 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. தாளவாடியிலிருந்தோ பர்கூர் மலையிலிருந்தோ காலை முதல் பஸ் பிடித்து வருகிற பெண்ணைப் பட்டினி போடாமல் இருக்க வேண்டும் என்பதும் இந்த முறையின் நியாயங்களில் ஒன்று.

சில தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் வரச்சொல்லி மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். அங்கே கணக்கு வேறு. வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே சர்க்கரைதான். "அங்கே 145-க்குச் சர்க்கரை என்றார்கள், இங்கே இல்லை என்கிறார்கள்" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு டெஸ்ட்டையும் போட்டுக் கலக்கியவர்கள்.

குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டும். அரை மணி தாண்டி வந்தால் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். நான் போன லேபில் "வெளியே போய்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் கடைவீதியெல்லாம் சுற்றிவிட்டு, பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அந்த ரிசல்ட்டுக்கு என்ன மதிப்பு? மறு வாரம் திரும்பவும் குடித்தேன்.

முதல் செக்கப்பிலேயே இந்த டெஸ்ட் எடுத்து நார்மல் என்று வந்ததும் நிம்மதியாக விட்டுவிடக் கூடாது. 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை கட்டாயம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். நஞ்சுக்கொடி வளர வளர அந்தத் தடையும் வளரும். நேற்றுவரை சாப்பிட்ட அதே நாலு இட்லிக்கு 30-வது வாரத்தில் எண் ஏறுவது அதனால்தான். "என்ன தின்னாளோ" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

நம் அடுப்படியை என்ன செய்வது

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) என் டம்ளரில் நாட்டுச்சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே சொன்னது: "இது நம்ம நாட்டுச்சக்கரை கண்ணு, வெள்ளைச் சக்கரையாட்டம் ஒண்ணும் பண்ணாது." கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற நாட்டுச்சர்க்கரை. அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரத்தத்துக்குப் போனால் அதுவும் சர்க்கரை, கருப்பட்டியும் சர்க்கரை, தேனும் சர்க்கரை. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் புரியவைக்க எனக்கு நாலு நாள் ஆனது. கடைசியில் மீட்டரை அமுச்சி கையில் கொடுத்து, அந்த டம்ளரைக் குடிப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்கவைத்தேன். அதற்கப்புறம் என் டீயில் அவரே எதையும் போட விடவில்லை.

ராகிக் களிக்கும் இதே கதைதான். களி நல்லது என்று இரண்டு உருண்டை விழுங்கினால் இரண்டு உருண்டை மாவு உள்ளே போகிறது. பாதி உருண்டை களியும் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு கடைசலும் கீரையும் வைத்துப் பாருங்கள், எண் வேறாக வரும். சந்தகையை (எங்கள் ஊர் இடியாப்பம்) தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, எலுமிச்சை தாளித்து, கூடவே வேகவைத்த கொண்டைக்கடலையோ முட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிம்பருப்பு சாதம் செய்யும்போது அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், நெய் கொஞ்சம் போகட்டும். கொள்ளு சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் தொடவிடவில்லை. சண்டை போடவில்லை, பச்சைப்பயறும் தட்டைப்பயறும் இருக்கின்றனவே.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாக உடைத்துக்கொள்ளுங்கள். மூன்று நேரம் அளவாக, நடுவில் சுண்டல், மோர், ஒரு கொய்யா, கொஞ்சம் நிலக்கடலை. ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால். சோற்றைக் கரண்டியால் தட்டில் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் அளந்து போடுங்கள். முதலில் பொரியலையும் பயறையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் வாசலில் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள்.

பட்டினி மட்டும் கூடாது. சர்க்கரை என்ற சொல்லைக் கேட்ட பயத்தில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டிய ஒரு பெண்ணை வார்டில் பார்த்தேன். குழந்தையின் எடைதான் நின்றது.

பனியன் கம்பெனிக்கும் தறிக்குடோனுக்கும் போகிறவர்களுக்கு உண்மையான எதிரி பேக்கரி. ஷிப்டில் நாலு டீ, கூடவே பன்னும் பப்ஸும். வேலையை விட முடியாது, சரி. டீயைச் சர்க்கரை இல்லாமல் இரண்டாகக் குறைத்துவிட்டு டப்பாவில் சுண்டல் கொண்டுபோங்கள்.

மீட்டர், மாத்திரை, ஊசி

வீட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு வழக்கமான இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. பார்க்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தி 210 பார்த்து அழுதவள் நான்.

இரண்டு வாரம் சாப்பாட்டில் மட்டும் முயன்று பார்ப்பார்கள். அப்படியும் இரண்டு மணி நேர அளவு 120-க்குக் கீழே இறங்காவிட்டால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ ஆரம்பிப்பார்கள். ஊசி என்றதும் வீட்டில் ஒப்பாரி எழும். "ஒருவாட்டி போட்டா ஆயுசுக்கும் போடோணும்" என்பார்கள். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரைக்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது உங்கள் ரத்தத்தில் இருக்கும் அதிகச் சர்க்கரைதான். அதைச் சமாளிக்கக் குழந்தை தானே நிறைய இன்சுலின் சுரந்து, கொழுத்து, பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்கிறது.

இன்சுலினை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பானையில் ஈரமணல் போட்டு, அதன்மேல் மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். ஊசி போடுபவர்களுக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அமுச்சியின் நாட்டுச்சர்க்கரைக்கு இங்கே வேலை உண்டு.

பி.பி. பார்க்கும்போது

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கையை நீட்டாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசாதீர்கள். டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். 140/90 என்று வந்தால் நான்கு மணி நேர இடைவெளியில் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். 160/110 என்றால் காத்திருக்கும் பேச்சே இல்லை, அது அவசரம். வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக வாங்கி, ஒருதடவை செக்கப்புக்குக் கொண்டுபோய் அங்குள்ள மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த "உப்பு". சிறுநீர் டெஸ்ட்டில் "உப்பு இருக்கு" என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதைக் கேட்டதும் மாமியார் வீட்டில் குழம்பிலிருந்து உப்பை எடுத்துவிடுவார்கள். உண்மையில் அங்கே இறங்குவது உப்பே இல்லை, ஆல்புமின் என்ற புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிறது என்பதற்கு அது அடையாளம். பிரஷரும் ஏறி இதுவும் இறங்கினால் அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. உப்பை அடியோடு நிறுத்துவதால் அது போகாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைப்பது நல்ல பழக்கம், அவ்வளவுதான். கால் வீக்கத்துக்கும் இதே எச்சரிக்கை. சாயங்காலம் கால் வீங்குவது பல கர்ப்பிணிகளுக்கு இயல்பு. காலையில் எழும்போதே முகமும் விரல்களும் உப்பியிருந்தால், மோதிரம் கழலாவிட்டால், அன்றைக்கே பி.பி. பாருங்கள்.

எப்போது 108

விடாத தலைவலி. கண் மங்குதல், பூச்சி பறப்பதுபோல் மின்னல். நெஞ்சுக்குக் கீழே வலப்பக்க மேல்வயிற்றில் வலி (இதைக் கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்து நேரத்தைக் கழிப்பவர்களே அதிகம்). மூச்சுத் திணறல். சிறுநீர் குறைதல். இரத்தப்போக்கு. குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். அசைவில் சந்தேகம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

வலிப்பு வந்துவிட்டால் இடப்பக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்துத் திணிப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுவிடலாம். உயிரைக் காக்கிற மருந்து அது.

அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

எனக்குச் சறுக்கியது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை ஏறுவதும் பிரஷர் எட்டிப்பார்ப்பதும் பெரும்பாலும் ஏழாம் மாதத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான். நாம் டாக்டரையும் ஊரையும் மாற்றுவதும் அதே நேரம். திருப்பூர் செவிலியர் என்னை அம்மா ஊரில் பார்ப்பார்கள் என்று நினைத்தார். அம்மா ஊர் செவிலியருக்கு நான் வந்ததே தெரியாது. இரண்டு வாரம் யாருடைய கணக்கிலும் நான் இல்லை.

அதனால் கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்ததும் இரண்டு ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், சர்க்கரை எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அம்மா போனுக்கும் அனுப்பிவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், கடைசி பி.பி. மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த அந்த வாரத்திலேயே அங்கே ஒரு செக்கப். விருந்தன்று ஒரு வாய் இனிப்பும் ஒரு கைப்பிடிச் சோறும் போதும் என்று முன்னாடியே அம்மாவிடம் சொல்லிவைத்தால், நங்கை ஊட்டுவதைத் தட்டும் சங்கடம் இருக்காது.

சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தவர்கள் பிரசவத்துக்குச் சின்ன நர்சிங் ஹோமை நம்பாமல், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மலையூர்க்காரர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ வலியோடு இறங்கக் கூடாது. தேதிக்கு முன்பே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அல்லது பிரசவக் காத்திருப்பு அறை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்டு என்று செவிலியரிடம் கேளுங்கள்.

பிரசவமும் அதற்குப் பிறகும்

ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு முடிவு பிரசவம்தான். மிதமாக இருந்தால் 37-வது வாரம்வரை இழுத்துப் பார்ப்பார்கள். கடுமையானால் அதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். குறைமாதத்தில் எடுக்க நேர்ந்தால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை எகிறும் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் வராது. எனக்கு 37-ல் வலியெடுக்க மருந்து வைத்தார்கள், சுகப்பிரசவம்.

பிறந்ததும் குழந்தைக்குக் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். உள்ளே இருக்கும்போது அதிகமாகச் சுரந்து பழகிய இன்சுலின், கொடி அறுந்ததும் குழந்தையின் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். அதற்கு முதல் மருந்து சீம்பால், ஒரு மணி நேரத்துக்குள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, கழுதைப்பால் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பிரஷர் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரசவமான மூன்றிலிருந்து ஆறாம் நாள்வரை அது மறுபடி ஏறும். ஆறு வாரம்வரைகூட வலிப்பு வரலாம். "பச்ச உடம்பு, காத்துப் பட்டிருக்கும்" என்று தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்கவைக்கும் அந்த வாரத்தில்தான் பி.பி. பார்க்க வேண்டும். பத்தியம் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பிரசவ லேகியத்தில் கருப்பட்டி நிறைய இருக்கும், அளந்து சாப்பிடுங்கள்.

ஆறாவது வாரம் மறுபடி அதே 75 கிராம் குளுக்கோஸ். இந்தத் தடவை வெறும் வயிற்றில் போக வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 தொட்டால் சர்க்கரை தங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். நார்மல் என்றாலும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் கர்ப்பத்தில் வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இந்த டெஸ்ட்டுக்குப் போகாமல் விடுகிறவர்களே அதிகம், கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்றுதான். குழந்தையையும் தூக்கிக்கொண்டே போங்கள். இரண்டு மணி நேரம் உட்காரத்தான் போகிறீர்கள், நடுவில் பால் கொடுக்கலாம். துணைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ரத்தம் கொடுத்ததும் சாப்பிட டப்பாவில் இரண்டு இட்லி எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டையும்தான்.